முன்னொட்டு

புதுக்குடியிருப்பு கிழக்கு, ஆறாம் பாதை.
ஒரு மீற்றர் அகலம். முழங்காலில் நான்.
முகமறைப்பின் உட்புறத்தில்
என் மூச்சே வியர்த்து வழிகிறது.

வடமொழியில் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
வேலை கேட்டு ஏறிய கந்தோர்களில்
"அது செத்த பாஷை எல்லோ பிள்ளை" என்றார்கள்.
செத்ததைக் கிண்டும் வேலைதான்
கடைசியில் கிடைத்தது.

நாற்பது நிமிடம் மண். பத்து நிமிடம் ஓய்வு.
தறப்பாள் நிழலில் தண்ணீர்ப் போத்தலைத் திருகியபடி
தயாவதி கேட்பாள்: "இண்டைக்கு என்ன சொல்லு?"
நாளுக்கு ஒன்று, அது எங்கள் ஒப்பந்தம்.
பதிலுக்கு அவள் எனக்கு
மாரி வெள்ளம் எதை எவ்வளவு தூரம் இழுக்கும்,
கிரவல் எந்த நேரம் பொய் சொல்லும்
என்பதெல்லாம் சொல்வாள்.

இன்று ஹிம்ஸை.
கொல்லுதல் என்ற வினையடியோடு
விருப்பத்தைச் சேர்த்துத் திரித்தது என்பார் சில இலக்கணகாரர்.
கொல்ல விழைதல்.
கொலையல்ல, அதற்கு முன் நெஞ்சில் ஊரும் நமைச்சல்.
தலையில் ஓர் அகரம் வைத்தால் அஹிம்ஸை.

"அவ்வளவுதானோ?"
அவ்வளவுதான்.
இந்த அறத்துக்கென்று தனியாய் ஒரு வேர் கிடைக்காமல்
காயத்தின் முன்னால்
ஒரு சிவப்புக் கட்டையை அடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் நாயுருவிச் செடியைச் சப்பாத்தால் நிமிண்டினாள்.
"அப்ப மிதிவெடியிலை ஹிம்ஸை இல்லை.
அதுக்கு என்ன விருப்பம்? அது தன்ரபாட்டிலை கிடக்குது.
ஆடு மிதிச்சாலும் ஒண்டு, ஆமி மிதிச்சாலும் ஒண்டு."

பதினேழு வயதில் புதைத்தவள் அவள்.
இந்தப் பற்றைக்குள் இல்லை, மாங்குளத்துக்கு அங்கால்.
"ஆரையும் கொல்லவேணும் எண்டு நினைச்சுத் தாக்கேல்லை.
கை நடுங்கக்கூடாது எண்டுதான் நினைச்சன்."

நான் பழைய கணக்கொன்றைச் சொன்னேன்:
செய்தவன், செய்வித்தவன்,
சரியென்று தலையாட்டியவன்,
மூவருக்கும் பாவத்தில் பங்கு.
வாய் மூடுமுன்பே பிழைத்துப்போனது தெரிந்தது.
தலையாட்டியவர்களை எண்ணிக்கொண்டு நடந்தால்
ஒட்டுசுட்டான் வீதி முடிய முன்னம்
எங்கள் வீட்டுப் படலை வந்துவிடும்.
அப்பா இரண்டு பவுண் கொடுத்த துண்டு
அலுமாரிக்குள் இன்னும் மடித்தபடி.

அந்தப் பாஷையில் போருக்கும் விதியுண்டு, என்று பேச்சை மாற்றினேன்.
உறங்குகிறவனை அடிக்காதே.
முரசு அறைகிறவனை, ஆயுதம் முறிந்தவனை,
புறங்காட்டி ஓடுகிறவனை அடிக்காதே.
புல்லைப் பல்லில் கடித்து வருகிறவன் பசு,
தொடாதே.
அடுத்த ஏட்டிலேயே விலக்குகளும் உண்டு:
வேள்வியில் கொன்றால் கொலையாகாது,
ஆபத்துக் காலத்து அறம் வேறு.

"ஆபத்துக் காலம் எண்டு ஆர் அறிவிக்கிறது?"

உரைகளைப் புரட்டிய நாலு வருடத்தில்
எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

"புல்லைக் கடிச்சவன்" என்று
மெல்லத் திருப்பிச் சொன்னாள்.
பிறகு வட்டுவாகல் பக்கம் பார்த்தாள்.
"எங்களிட்டை வெள்ளைச் சீலைதான் இருந்தது.
தம்பி சேந்தன்தான் பிடிச்சவன்.
அது முழுக்க மணல். புல்லு எங்கை?"

விசில்.

பன்னிரண்டாவது சாணில் கருவி கத்தியது.
பக்கவாட்டில் வெட்டி, தூரிகையால் தட்டி,
மண்ணை மண்ணாய்ப் பிரித்தேன்.
ஒரு ஜொனி. பெட்டி உளுத்து, பற்றரி கசிந்து,
விருப்பம் ஏதுமில்லாமல்
ஒரு நிறைக்காக மட்டும் இத்தனை வருடம் விழித்திருந்தது.
அதன் முன்னால் சிவப்புக் கட்டையை ஊன்றினேன்.
ஏடு தொடக்கிய நாளில் அரிசியில் இழுத்த எழுத்துப்போல
அது கொஞ்சம் கோணலாய் நின்றது.
கை உயர்த்தினேன்.

அடுத்த பாதையில் தயாவதி எழுந்து நின்று பார்த்தாள்,
யாருடைய கையெழுத்து என்று
தெரிந்துகொள்ளப் பார்ப்பவள் போல.

பின்னேரம், நாளைக்குச் சொல் வேண்டாம் என்றாள்.
வானுக்குள் ஏறிக் கதவை இழுக்கும்போது
மற்றவர்களுக்குக் கேளாமல்:
"செய்விச்சவனுக்கு என்ன சொல்லெண்டு சொன்னனீ?"